ரெட் டேக் அக்கா ஒதுக்கி வைத்தவை

ஒரகடம் ரோட்டில் ஓடும் புதுக் கார்களில் பாதிக்கு ஒழுங்காக பிரேக் பிடிக்கிறது என்றால் அதற்கு ரெட் டேக் அக்காதான் காரணம். மீதிப் பாதியை அவர் பரிசோதிக்கவில்லை என்பதால் அவற்றில் நான் ஏறுவதே இல்லை.

மண்ணூரில் எங்களுக்குப் பக்கத்துப் போர்ஷன் அவருடையது. உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். பழுதான பாகத்தில் 'ரெட் டேக்' என்ற சிவப்பு அட்டை கட்டி ஒதுக்கி வைப்பதும், நல்லதில் பச்சை அட்டை கட்டி அனுப்புவதும் வேலை. ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கை சும்மா இருக்காது. ஹவுஸ் ஓனர் புதிதாகப் போட்ட குழாயில் ஒரு நாள் சிவப்பு அட்டை தொங்கியது. மளிகைக் கடைத் தராசிலும் தொங்கியதாகச் சொல்வார்கள். தெருவில் யாருக்கும் அவர் பெயர் தெரியாது. கேட்கும் தைரியமும் யாருக்கும் இல்லை.

எனக்குப் பையன் பிறந்த முப்பதாம் நாள் பார்க்க வந்தார். எல்லோரும் சோப்பும் பவுடரும் கொண்டுவருவார்கள். அவர் அட்டைக் கட்டோடு வந்தார். குழந்தையை ஒரு நிமிடம்தான் பார்த்தார், பிறகு வீட்டைச் சுற்ற ஆரம்பித்தார். பவுடர் டப்பாவுக்கு சிவப்பு, தூள் மூச்சுக்குள் போகுமாம். தேன் பாட்டிலுக்கு சிவப்பு. கண் மைக்கு சிவப்பு. மூக்கில் விட வைத்திருந்த எண்ணெய்க்கு இரண்டு சிவப்பு. தலையணையை எடுத்துவிட்டு, குழந்தையை மெத்தென்று இல்லாத விரிப்பில் மல்லாக்கப் படுக்க வைத்தார். திருஷ்டிப் பொட்டை மட்டும் உள்ளங்காலுக்கு மாற்றி, பச்சை அட்டை கொடுத்தார். மாலையில் வேலையிலிருந்து வந்த என் வீட்டுக்காரர், தொங்கிய அட்டைகளைப் பார்த்துவிட்டு வாசலிலேயே மறுபடி ஐடி கார்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

எனக்குத் துணையாக வாலாஜாபாத்திலிருந்து வந்திருந்த அம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது. மூன்று பிள்ளை பெற்றவளுக்கு, கல்யாணமே ஆகாத ஒருத்தி வந்து பாடம் எடுப்பதா?

"இன்னாம்மா, நீ இன்னா புள்ள பெத்தா கீற? உனுக்கு எப்டிமா இதெல்லாம் தெரியும்?" என்று நேராகவே கேட்டாள்.

அக்கா கொஞ்சமும் அசரவில்லை. "நான் கார் கூட ஓட்டுனது இல்லம்மா" என்றார்.

உண்மையில் அவர் சுகாதார நிலையத்து நர்ஸிடம் அரை நாள் உட்கார்ந்து கேட்டு எழுதி வந்திருந்தார். அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அதுவரை நான் குழம்பினேன். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்பார் அக்கா. வெயிலில் பிள்ளைக்கு நாக்கு வறளுமே என்பாள் அம்மா. காதை மூடித் துணி கட்டு என்பாள் அம்மா. அவிழ்த்துவிடு, வேர்க்குது பார் என்பார் அக்கா. கையில் இருந்த போன் இரண்டுக்கும் வீடியோ காட்டியது. துணியைக் கட்டி அவிழ்த்து, கட்டி அவிழ்த்து, கடைசியில் அதை என் தலையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போதாததற்கு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சார்ட் ஒட்டினார். பால் குடித்த நேரம், ஒன்றுக்குப் போனது, இரண்டுக்குப் போனது, அழுதது என்று கட்டம் போட்டிருந்தார். நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் ஒன்றுக்குப் போனால் பால் போதுகிறது என்று அர்த்தமாம். தூக்கக் கலக்கத்தில் நான் குடித்த காபியை ஒரு நாள் குழந்தையின் கட்டத்தில் எழுதிவிட்டேன். மாலையில் சார்ட்டைப் பார்த்த அக்கா பேனாவைக் கையில் எடுத்தார். பிறகு, சர்க்கரை போட்டா, போடாமலா என்று மட்டும் கேட்டார்.

இதெல்லாம் வேடிக்கை. வேடிக்கையில்லாத விஷயம், என் பிரசவ லீவு முடியப் போனது. அடுத்த திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு நான் என் கம்பெனிக்குப் போயாக வேண்டும், இல்லையென்றால் வேலை போய்விடும். வீட்டுக்காரர் கான்ட்ராக்ட்டில் இருந்தார், அவர் வேலை என்றைக்கு வேண்டுமானாலும் முடியலாம். என் வேலைதான் நிரந்தரம். ஐந்தரை மாதமாகியும் பையனோ பீய்ச்சி எடுத்து வைத்த என் பாலை வாயில் வைக்க மாட்டேன் என்கிறான். அம்மா ஊட்டினால் துப்பினான், அவன் அப்பா ஊட்டினால் அலறினான்.

அக்கா டிரையல் எடுத்தார். ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்பது அவர் சட்டம். திங்கள் பாலாடை, செவ்வாய் ஸ்பூன், புதன் சின்ன டம்ளர். வியாழன் பாலை இன்னும் கொஞ்சம் இதமாக, சுடுதண்ணீரில் கிண்ணத்தை வைத்து. வெள்ளி, பசி முற்றுவதற்கு முன்பே. ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொரு டிரையலிலும் நான் பக்கத்திலேயே நின்று "குடிடா கண்ணு, குடிடா தங்கம்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். ராஜினாமா கடிதத்தை மனதுக்குள் எழுதியும் முடித்திருந்தேன்.

சனிக்கிழமை பகலில் அக்கா தரையில் உட்கார்ந்து சார்ட்டையே பார்த்தார். அவரும் குழம்புவார் என்பதை அன்றுதான் கண்டேன். திடீரென்று தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். எழுந்து வந்து ஒரு சிவப்பு அட்டையை என் துப்பட்டா நுனியில் கட்டினார்.

"எல்லாத்தையும் மாத்திப் பாத்தேன், உன்ன மாத்தல. வெளிய போ."

"வாசல்லயா அக்கா?"

"வாசல்ல நின்னா உன் குரல் கேக்கும், வாசனை வரும். நெஜ அம்மாவ பக்கத்துல வச்சிக்கினு எவன் ஸ்பூன்ல குடிப்பான்? பஸ் ஸ்டாப்பாண்ட போய் நில்லு."

நைட்டி, மேலே துப்பட்டா, அதில் 'நிராகரிக்கப்பட்டது' என்ற அட்டை. இந்தக் கோலத்தில் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்றேன். செகண்ட் ஷிப்ட் பஸ் வந்து நின்றது. டிரைவர் கதவைத் திறந்தார், அட்டையைப் படித்தார், கதவை மூடிக்கொண்டு போய்விட்டார்.

கால் மணி நேரம் கழித்து அம்மா போனில் கூப்பிட்டாள். "குட்ச்சிட்டான்டி. ஒரு சொட்டு வெக்கல. அந்தப் பொண்ணு மடிலயே குட்ச்சிட்டு தூங்கினு கீறான்."

வேலை பிழைத்தது. துள்ளிக் குதித்திருக்க வேண்டும். நானோ அங்கேயே நின்று அழுதேன். நான் இல்லாமல் அவன் குடிக்க வேண்டும் என்றுதான் ஒரு வாரமாகத் தவித்தேன். நான் இல்லாமல் குடித்துவிட்டானே என்று நெஞ்சு வலித்தது. இதில் எது சரி என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். சாப்பாட்டு இடைவேளையில் பையைத் திறந்தால் டப்பாவின் மேல் ஒரு பச்சை அட்டை. பொருள்: அம்மா. முடிவு: ஓகே. குறிப்பு: இரண்டு நாள் அழும், பழுது அல்ல.

அக்கா இப்போது வேறு மாநிலத்து ஆலைக்கு மாற்றலாகிப் போய்விட்டார். பையன் பள்ளிக்கூடம் போகிறான். பச்சை அட்டை என் ஐடி கார்டுக்குப் பின்னால் இருக்கிறது. அன்று அதில் 'பரிசோதித்தவர் பெயர்' என்ற கட்டத்தை அவசரமாகத் தேடினேன், இப்போதாவது தெரிந்துவிடும் என்று.

குண்டு குண்டாக எழுதியிருந்தார்: அக்கா.