செல்லையாவின் சுவர்

பிறர் செல்வத்தைக் கண்டு புழுங்குவோர் உலகில் பலர். பிறர் சுவரைக் கண்டு புழுங்கியவன், நான் அறிந்தவரை, நான் ஒருவனே.

பதுளையில் பாடசாலை ஆசிரியனாக இருந்த காலத்தில், செட்டியார் ஒருவருக்குரிய தகரக் கூரை வீட்டின் வலப் பாதியில் வாடகைக்கு இருந்தேன். இடப் பாதியில் துணிக்கடைக் கணக்கர் செல்லையா. நடுவே ஒரே சுவர். அச்சுவர் அவர் பக்கம் வெண்பட்டு விரித்தாற்போல் விளங்கிற்று; என் பக்கம் கரும்பச்சைப் பூசணம் (தொட்டால் பூனைக்குட்டி வயிறுதான்!) அடர்ந்திருந்தது. சன்னற் கண்ணாடியில் விடியுமுன்னே நீர் கோத்து வழியும். என் இலக்கண நூல்களின் அட்டைகளுக்கு மீசை முளைத்தது.

நெருப்புக் கேட்கும் சாக்கில் செல்லையா வீட்டுக்குட் சென்று, சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பேன். அது உலர்ந்திருக்கும், என் நெஞ்சு எரியும்.

"என்ன வாத்தியாரய்யா, செவத்துக்குக் காய்ச்சலா? தொட்டுத் தொட்டுப் பாக்குறீங்க?" என்று ஒருநாள் கேட்டேவிட்டார்.

என் மனைவி விசாலாட்சிக்கு இருமல். அவள் தந்தையார் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் பெரிய கணக்கப்பிள்ளை. முன்பு வந்து பூசணத்தைக் கண்டு முகஞ்சுளித்துப் போனவர், இப்போது சொல்லியனுப்பினார்: "தீபாவளிக்கு வர்றேன். வீடு இப்பிடியே இருந்துச்சுன்னா, எம்புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போயிருவேன்." வெறும் மிரட்டலன்று. ஒரு சிறு சண்டைக்காக அவர் அழைத்துப்போன மூத்த மகள் இன்னும் கணவன் வீடு திரும்பவில்லை.

செட்டியாரிடம் ஓடினேன். "நல்ல பாதியை அவருக்கும் நோயுற்ற பாதியை எனக்கும் அளித்தீர்கள். இது நீதியா?"

"ரெண்டும் ஒரே செங்கல்லுங்க. வேணும்னா மாத்திக்கிருங்க."

செல்லையா மறுப்பார் என எண்ணி, வசைமொழிகளைத் தீட்டி வைத்திருந்தேன். அவரோ சிரித்தபடி பெட்டியைத் தூக்கினார். அச்சிரிப்பின்மீதும் எனக்குப் பொறாமை.

புதிய பாதியைப் பேணுவதில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. பனி புகாதபடி சன்னல்களை இறுகச் சாத்தி, இடுக்குகளிற் கந்தை திணித்தேன். அடுப்பில் எந்நேரமும் வெந்நீர் கொதித்தது. பூசைக்குரிய மடி வேட்டி பிறர் கைபடாது உலர வேண்டுமாதலால், வழக்கம்போல் வீட்டுக்குள்ளேயே, உயரக் கொடியில், சொட்டச் சொட்டத் தொங்கிற்று. பிறகு, செல்லையாவின் இருமலைக் கேட்கும் ஆவலோடு நடுச்சுவரிற் காது வைத்தேன். கேட்டது அவருடைய பாட்டு.

தீபாவளி நெருங்குகையில் என் வெண்பட்டுச் சுவரில் ஒரு கரும்புள்ளி தோன்றிற்று. மறுநாள் அதன் சுற்றத்தார் வந்திறங்கினர்.

மாமனாரும் வந்தார். பழைய வாசலையே அறிந்தவராதலின் நேரே செல்லையாவின் வீட்டுக்குள் நுழைந்தார். சுவர் வழியே அவர் குரல் கேட்டது: "அடேயப்பா! செவரு பால் மாதிரி இருக்குதே! மாப்பிள்ளைய என்னமோன்னு நெனச்சிருந்தேன்!"

அவர் வாழ்நாளில் என்னைப் புகழ்ந்தது அந்த ஒருமுறைதான். அதுவும் செல்லையாவுக்குப் போயிற்று.

"கொஞ்சம் சுண்ணாம்பு அடிச்சு, சன்னலத் தொறந்து போட்டேங்க, அவ்வளவுதான். உங்க மாப்பிள்ளை இப்ப அடுத்த வாசலுங்க" என்று அவரே அழைத்து வந்தார்.

உள்ளே கால் வைத்ததும் மாமனாரின் மூக்குக்கண்ணாடி மங்கிற்று. துடைத்தார், மீண்டும் மங்கிற்று. அண்ணாந்து பார்க்கையில், மடி வேட்டியின் ஒரு துளி அவர் நெற்றித் திருநீற்றின்மேல் விழுந்தது.

"மாப்பிள்ளை, பெக்டரியில கொழுந்தக்கூட நாங்க காத்தாடப் பரப்பித்தான் வாட்டுவோம். நீங்க எம்புள்ளைய மூடி வச்சு அவிக்கிறீங்களே! விசாலம், பொட்டியக் கட்டு."

விசாலாட்சி பெட்டியைத் தொடவில்லை. என் மடி வேட்டியைத் தன் கையாலேயே (மடியாவது ஒண்ணாவது!) உருவி, வெளித் தாழ்வாரத்தில் வீசினாள். கந்தைகளைப் பிடுங்கிச் சன்னல்களைத் திறந்தாள்.

"நான் வரலப்பா. இவரு எந்த வீட்டுக்குப் போனாலும் பூசணம் பின்னாலயே வரும். தனியா விட்டுட்டு வந்தா, இவரு மேலயே மொளச்சிரும்."

மாமனார் சிரித்துவிட்டார்; நானும் சிரித்தேன். செல்லையா என்னைவிட நன்றாகச் சிரித்தார்.

அன்றுமுதல் என் வேட்டி தாழ்வாரத்திலேயே உலர்கிறது. இன்றும் யாருடைய குதிரைவண்டியையோ தோட்டத்துப் பூவையோ நான் சற்றுக் கூடுதலாக நோக்கிவிட்டால், விசாலாட்சி மெல்லக் கேட்பாள்: "ஏங்க, வீட்ட மாத்திக்கிருவமா?"

நான் எழுந்துபோய்ச் சன்னலைத் திறக்கிறேன்.