கங்காணி முட்டை போட்ட கதை

ஒரு மீனைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இவன் குடும்பத்துக்கு ஆக மாட்டான்" என்று அடித்துச் சொல்லக்கூடியவர் இலங்கையின் ஊவா மாகாணம் முழுவதிலும் ஒருவர்தான் இருந்தார். பணிஸ் அக்கா. அவர் சொன்னது பெரும்பாலும் தவறாகத்தான் இருக்கும். ஆனால் அவர் சொல்லும் தோரணையில் அந்த மீனுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிடும்.

மலைக்குளிர் ஊரான அப்புத்தளையில் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் அவருக்கும் கணவருக்கும் ஒரு சின்னப் பேக்கரி இருந்தது. பாண் என்கிற பிரெட்டும், அக்காவுக்குப் பெயர் வாங்கித் தந்த பணிஸ் என்கிற இனிப்பு பன்னும் அங்கே பெயர்போனவை. பின்கட்டில் மாவும் விறகடுப்பும் கணவர் பொறுப்பு. ஊர் அவரை மாஸ்டர் என்றது. முன்பக்கம் அக்காவின் ராஜ்ஜியம். மாடி அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். பக்கத்து அலுவலகத்தில் எனக்கு வேலை. அந்த அறையை எடுத்ததற்கு ஒரே காரணம், அடுப்பின் புகைக்கூண்டு என் சுவரை ஒட்டி மேலே போனதுதான். மற்றவர்கள் இரண்டு ஸ்வெட்டருக்குள் நடுங்கிக்கொண்டிருக்கும்போது நான் பனியனோடு பேப்பர் படிப்பேன்.

அக்காவும் அதே யோசனையில்தான் மீன்தொட்டியை அடுப்பின் பின்சுவரோடு சேர்த்து வைத்திருந்தார். முதலில் கப்பி வளர்த்தார். கப்பி கண்டபடி பெருகியது. பாண் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் பையில் போட்டுக் கொடுத்தும் தீரவில்லை. ஒருநாள் அலுத்துப்போய்ச் சொன்னார்:

"கப்பிய எவனும் வளக்கலாம் தம்பி. அது தன்னால பெருகுது. அதுல நம்ம தெறம எங்க இருக்கு?"

அவருக்கு வேண்டியது ஜோடி சேர்ந்து, வீடு பார்த்து, முட்டையிட்டு, அப்பனும் ஆத்தாளும் நின்று குஞ்சு வளர்க்கிற மீன். பதுளையில் ஒரு மீன்கடையில் அப்படி ஒன்று இருந்தது. குள்ளச் சிக்லிட் வகை. கடையில் 'கிரிப்' என்றார்கள். விரல் நீளம்தான். வயிற்றில் மட்டும் ஜம்புப் பழச் சிவப்பு.

"சோடி வேணும். ஒரு ஆணு, ஒரு பொண்ணு" என்றார் அக்கா.

கடைக்காரர் வலையை விட்டு இரண்டைப் பிடித்தார். "பெருசு ஆணு, சிறுசு பொண்ணுங்க. பாத்தாலே தெரியுதே."

அக்காவும் பார்த்தார். தெரிந்தது. எனக்கும் தெரிந்தது. அந்தப் பெரிய மீன் தொட்டிக்குள் விட்டதும் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு மிரட்டிக்கொண்டே உலாவியது. தேயிலைத் தோட்டத்தில் காலைப் பெரட்டுக் களத்தில் ஆட்களைக் கணக்கெடுத்து வேலைக்கு விரட்டுகிறவர் மாதிரியே இருந்ததால் அதற்குக் கங்காணி என்று பெயர் வைத்தார். சின்னதுக்குச் செல்வி. அரைத் தேங்காய்ச் சிரட்டையில் வாசல் வெட்டிக் கவிழ்த்து வீடு கட்டிக் கொடுத்தார்.

பௌர்ணமிக்கு வரும் போயா விடுமுறையில் பேக்கரி மூடுவது வழக்கம். மூடினால் சுவர் ஆறிவிடும், தண்ணீர் குளிர்ந்துவிடும் என்று அந்த வழக்கமும் போயிற்று.

"எங்கப்பா செத்தப்ப அடுப்ப அணச்சோம். மீனுக்கு அணைக்கக் கூடாதாம்" என்று மாஸ்டர் என்னிடம் முறையிட்டார். ஆனால் விறகு வைத்தது அவர்தான்.

ஒருநாள் செல்வி சிரட்டையை விட்டு வெளியே வரவில்லை. அக்கா முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, டோர்ச் அடித்துப் பார்த்தார். சிரட்டையின் உட்கூரை முழுக்க முட்டை! அன்றைக்குப் பணிஸ் வாங்கிய எல்லாருக்கும் இன்னொரு பணிஸ் சும்மா. வரிசையில் நின்று ஊரே டோர்ச் அடித்துப் பார்த்தது.

அந்த முட்டைகள் பொரிக்கவில்லை. வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு பிடித்து அழிந்தன. துக்கம் விசாரிக்கிற மாதிரி ஆட்கள் வந்தார்கள். அவர்களில் ஒரு த்ரீவீல்காரர் பாணை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "செல்விக்குத்தான் ஏதோ கொற இருக்கு போல அக்கா. பொண்ண மாத்திப் பாருங்களேன்" என்றார்.

பின்கட்டில் மாவு அடிக்கும் சத்தம் நின்றுவிட்டது.

அக்கா அவர் கக்கத்திலிருந்த பாணை மெதுவாக உருவி எடுத்து அலமாரியில் திருப்பி வைத்தார். "எல்லாருக்கும் மொத வாயில வர்றது அதுதான். பொண்ண மாத்து. இந்தக் கதைய இந்தக் கடையில பேசுறவங்களுக்குப் பாண் கெடயாது."

த்ரீவீல்காரர் பேந்தப் பேந்த விழித்தார். நானும்தான். சாயங்காலம் மாஸ்டர், நான் கேட்காமலே, ஒரே மூச்சில் சொன்னார். பூனாகலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் இருந்தபோது, அக்காவுக்குப் பிள்ளை இல்லையென்று மாஸ்டரின் வீட்டார் அவருக்கு வேறு பெண் பார்த்தார்களாம். "பாத்தாங்க. நான் இவள கூட்டிக்கிட்டு இங்க வந்துட்டேன்." அவ்வளவுதான். மாவுக் கையைத் தட்டிவிட்டு எழுந்து போய்விட்டார்.

இரண்டாம் தடவை முட்டையிடும் அறிகுறி தெரிந்ததும் அக்கா தொட்டியை விட்டு நகரவில்லை. பட்டப்பகல். கடையில் கூட்டம். நான் தேநீருக்கு வந்திருந்தேன். திடீரென்று பின்கட்டிலிருந்து ஒரு அலறல்.

"ஐயையோ! ஏங்க! கங்காணி முட்டை போடுறாரு!"

கூட்டம் மொத்தமும் உள்ளே ஓடியது. உண்மைதான். கங்காணி சிரட்டைக்குள் தலைகீழாகத் திரும்பி, கூரையில் வரிசையாக முட்டை ஒட்டிக்கொண்டிருந்தார். செல்வி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டும் பெண்! த்ரீவீல்காரர் பெரிய மனதோடு சத்தமாக ஒப்புக்கொண்டார்: "செல்வி மேல ஒரு குத்தமும் இல்லீங்க!" அன்றோடு அவருக்குத் திரும்பவும் பாண் கிடைத்தது.

அதன் பிறகு அக்கா போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தார். பாண் கேட்டு வருகிறவர்களுக்குப் பாடம் நடந்தது. "பெருசு சிறுச வச்சுச் சொல்லக் கூடாது. வாலப் பாருங்க. ஆணுக்கு நடுவுல கூரா நீட்டிக்கிட்டு இருக்கும், முதுகுச் செட்டயும் கூரா முடியும். பொண்ணுக்கு ரெண்டும் வட்டம். வயிறு உப்பி, நல்லாச் செவந்திருக்கும்." பாடம் முடியாமல் பாண் கைக்கு வராது.

மறுபடி பதுளை. கடைக்காரர் எங்களைக் கண்டதும் ஒரு ஜோடியைப் பையில் போடப் போனார்.

"வேணாங்க. நீங்க சேத்து வச்ச சோடியத்தான் நான் பாத்துட்டேனே" என்றார் அக்கா. "வளந்ததும் வேணாம். சின்னதா ஆறு குடுங்க. அதுகளே வளந்து, அதுகளே சேரட்டும்."

"சின்னதுல ஆணு பொண்ணு எனக்கே தெரியாதுங்க."

"பெருசுல மட்டும் தெரிஞ்சுதாக்கும்?"

கடைக்காரர் ஸ்டூலை எடுத்துப் போட்டார். அக்கா தொட்டிக்கு எதிரே உட்கார்ந்தார். மூலையில் செட்டையை ஒடுக்கிக்கொண்டு நிற்பது வேண்டாம். வயிறு ஒட்டியது வேண்டாம். இரை போடச் சொல்லி, முந்தி வருவதை மட்டும் பிடிக்கச் சொன்னார். கொண்டுபோயிருந்த ரொட்டியையும் சம்பலையும் அங்கேயே பிரித்து எனக்கும் கடைக்காரருக்கும் பங்கு வைத்தார். ஆறாவது மீன் பைக்குள் போனபோது ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

"அந்தப் பழைய ரெண்டையும் கொண்டாங்க, மாத்தித் தாறேன்" என்றார் கடைக்காரர், கொஞ்சம் வெட்கத்தோடு.

"எதுக்கு? அதுக ரெண்டும் நல்லாத்தானே இருக்குதுக. ஏன் பிரிக்கணும்?"

ரயில் பண்டாரவளை தாண்டி ஏற ஏறக் குளிர் கூடியது. அக்கா மீன்பையை ஸ்வெட்டருக்குள் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நின்றார். எதிரே இருந்த பெரியவர் அவர் வயிற்றைப் பார்த்தார், சட்டென்று எழுந்தார். "ஒக்காரும்மா." அக்கா கூச்சமே இல்லாமல் உட்கார்ந்தார்.

"அக்கா, அவரு தப்பா நெனச்சிட்டாரு" என்றேன் காதில்.

"தப்பு ஒண்ணுமில்ல தம்பி. ஆறு உசுரு இருக்குல்ல."

ஆறில் மூன்று ஆண், மூன்று பெண் என்று அக்கா ஊரறிய அறிவித்தார். வளர்ந்தபோது இரண்டு ஆண், நான்கு பெண். "பாதிக்கு மேல சரி" என்றார். அவற்றில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் கூட்டுச் சேர்ந்து மற்ற நான்கையும் விரட்ட ஆரம்பித்தன. விரட்டப்பட்டவற்றுக்கும் கங்காணி, செல்விக்கும் ஷோகேஸ் பக்கத்தில் தனித் தொட்டி வந்தது. அதற்கு இடம் விட்டு கேக் மேசைக்குப் போனது.

இந்தத் தடவை முட்டை வெள்ளையாகவில்லை. பொரித்ததைப் பற்றி அக்கா யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒருநாள் மத்தியானம், அடுப்பில் பாண் வெந்துகொண்டிருந்தபோது, "ஏங்க, இங்க வாங்களேன்" என்று ஒரு குரல். அலறல் இல்லை. எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மாஸ்டர் மாவுக் கையோடு போனார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். சிரட்டைக்கு வெளியே, தூசி மாதிரி ஒரு கூட்டம் நகர்ந்தது. ஆத்தா முன்னால், அப்பன் பின்னால். ஒரு குஞ்சு விலகிப் போனால் ஆத்தா வாயில் கவ்வி வந்து கூட்டத்தில் துப்பியது. அக்காவும் மாஸ்டரும் தோளோடு தோள் ஒட்டி நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அக்கா பேசாமல் நின்று நான் பார்த்தது அது ஒரு தடவைதான்.

புகை வந்த பிறகுதான் அடுப்பு ஞாபகம் வந்தது. அத்தனை பாணும் கருகிப்போயிருந்தது.

சாயங்காலம் வழக்கம்போல ஆட்கள் வந்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்தார்கள். ஒருவரும் கருகலைப் பற்றிக் கேட்கவில்லை. இருட்டுவதற்குள் அலமாரி காலியாகிவிட்டது. நானும் இரண்டு வாங்கினேன்.