உடும்பு சித்தாள் ஆன கதை

ஒரு காட்டில் எல்லோரும் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் குடியேறியபாடில்லை. ஆற்றில் மணல் அள்ளத் தடை. களிமண்ணுக்குத் தட்டுப்பாடு. இருந்த வேலையாட்களும் கூலி கூடுதல் என்று பக்கத்துக் காட்டுக்குப் போய்விட்டார்கள். ஆனாலும் கட்டுமானச் சங்கத் தலைவர் காட்டெருமை, கூட்டத்துக்குக் கூட்டம், "நம் துறையின் எதிர்காலம் பிரகாசம்!" என்று முழங்கினார். அவர் வீட்டுக்கே இன்னும் கூரை போட்டாகவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தானா கொண்டையன் என்ற இருவாச்சிப் பறவையின் மனைவி பவளம் முட்டையிட வேண்டும்? பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் அடைகாக்க உட்கார்ந்ததும், அலகு நீட்ட ஒரு துவாரம் மட்டும் விட்டு வாசலை மண்ணால் பூசிவிடுவது அவர்கள் குல வழக்கம். இல்லாவிட்டால் உடும்பு வந்து முட்டையைத் தின்றுவிடும். கொண்டையன் அலைந்து திரிந்து, மேஸ்திரி குளவியைப் பிடித்தான்.

"ரெண்டே நாள் சார்," என்றது குளவி. பாதி வாசலைப் பூசியது. அப்புறம் ஆளைக் காணோம். போன் போட்டால், "வந்துட்டே இருக்கேன் சார், பாலத்து மேல இருக்கேன்" என்றது. அந்தப் பாலமே இன்னும் கட்டி முடியவில்லை.

"ஏங்க, பாதிச் சுவரை நம்பி எப்படிங்க கண்ணை மூடுறது?" என்று பவளம் அழுதாள். கொண்டையன் மறுபடியும் குளவிக்குப் போன் போட்டான்.

கடைசியில் குளவி வந்து சேர்ந்த அதே காலையில் உடும்பும் வந்தது. நாக்கை நீட்டி நீட்டி மரமேறியது.

"ஐயோ, மேஸ்திரி! உடும்பு! கொட்டுங்க!" என்று அலறினான் கொண்டையன்.

குளவி திரும்பிப் பார்த்தது. திடமான நாலு கால். சாரம் கட்டாமலே மரமேறும் உடம்பு. அதற்குக் கண் கலங்கிவிட்டது.

"வாங்கண்ணே! இத்தனை நாளா எங்க இருந்தீங்க?"

"நான் முட்டை தின்ன வந்தேன்," என்றது உடும்பு.

"சாப்பாடெல்லாம் மதியம்தான். முதல்ல கலவையைக் குழைங்க. டீ, வடை உண்டு."

உடும்பு திமிறியது. குளவி கொடுக்கைக் காட்டியபடி உடும்புப்பிடியாக நின்றது. உடும்புக்கே அப்படியொரு பிடி புதிது. வேறு வழியில்லாமல் மண் குழைத்தது, சுமந்தது, வாலால் வழித்துப் பூசியது. பொழுது சாய்ந்தால் இடுப்பு வலியில் முட்டை ஞாபகமே இல்லாமல் சாய்ந்துவிடும்.

பவளத்துக்கும் பயம் தெளிந்தது. "அந்த மூலையில இன்னொரு கை பூசுங்கண்ணே, காத்து வருது," என்று உள்ளிருந்தே வேலை வாங்கினாள். உடும்பு பெருமூச்சு விட்டுக்கொண்டு பூசியது.

மண் வந்தால் தண்ணீர் வராது, தண்ணீர் வந்தால் குளவி வராது. வேலை இழுத்துக்கொண்டே போனது. முட்டை பொரிந்தது, குஞ்சுகளுக்கு இறகு முளைத்தது. ஒரு நாள், பூசாமல் கிடந்த மிச்ச வாசல் வழியாகக் குஞ்சுகள் பறந்தே போய்விட்டன. பவளமும் வெளியே வந்தாள். மறுநாள் வேலை முடிந்தது.

உடும்புக்கு அப்போதுதான் வந்த காரியம் நினைவுக்கு வந்தது. "ஆமா, அந்த முட்டை..." என்று தொடங்குவதற்குள், "அண்ணே, இங்க மூணு வேளையும் சாப்பாடு!" என்று எதிர் மரத்து மேஸ்திரி மரங்கொத்தி கூப்பிட்டது. உடும்பு ஓடியது. குளவி கெஞ்சிக்கொண்டே பின்னால் பறந்தது.

வழவழவென்று பூசி முடித்த வாசலுக்கு வெளியே கொண்டையனும் பவளமும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அடுத்த வருஷத்துக்கு இப்பவே சொல்லி வச்சிருங்க," என்றாள் பவளம்.

"யாருகிட்ட? குளவிகிட்டயா?"

"உடும்புகிட்டங்க!"

நீதி: எதிரி வருகிறான் என்று கலங்காதே, ஆள் பற்றாக்குறை உள்ள ஊரில் எதிரியும் சித்தாளே.