கப்பி தேடும் கப்பல்காரர்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. அது எதையும் செய்யாது. செய்வதற்கு வேண்டிய சாமானைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருக்கும். எல்லா ஊரிலும் எல்லாத் தொழிலிலும் அதைப் பார்க்கலாம் என்றாலும், நன்றாகக் கொழுத்த நிலையில் பார்க்க வேண்டுமானால், பாய்மரப் படகுகளைக் கரையேற்றி முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கும் எங்கள் முற்றத்துக்கு வாருங்கள். மூன்றாவது படகின் மேல்தளத்தில் முழங்காலிட்டு, ஒரு கண்ணை மூடி, நூல் பிடித்துப் பார்க்கிறாரே, அவர்தான். எங்களுக்குள் அவர் பெயர் கப்பல்காரர். மரியாதைக்காக வைத்த பெயர் இல்லை.

அவர் கவலை இதுதான். படகின் முன்பாயைக் கட்டுப்படுத்தும் கயிறு, பாயின் கீழ்மூலையிலிருந்து புறப்பட்டு, தளத்திலுள்ள ஒரு கப்பிக்குள் நுழைந்து, பின்னால் உட்கார்ந்திருப்பவர் கைக்குப் போகிறது. கப்பியை முன்னால் தள்ளினால் பாயின் பின்விளிம்பு விறைக்கும். பின்னால் தள்ளினால் அடிவிளிம்பு விறைத்து, மேல்பக்கம் படபடவென்று அடித்துக்கொள்ளும். நடுவில் எங்கோ சரியான இடம் இருக்கிறது. காற்றில் போய் நாலு தடவை தள்ளிப் பார்த்தால் அகப்பட்டுவிடும். அகப்பட்டுவிட்டால் அப்புறம் என்ன வேலை?

ஆகவே நம்மவர் முதல் காரியமாக, பழைய சொந்தக்காரர் பன்னிரண்டு வருஷம் ஒரு குறையும் சொல்லாமல் ஓட்டிய, பக்கத்துக்கு ஒன்றான இரண்டு கப்பிகளையும் கழற்றிக் கடாசினார். இந்த இனத்தின் அங்க அடையாளம் இது. ஓடுகிறதை நிறுத்திவிட்டுத்தான் ஓட்டத்தைப் பற்றி யோசிக்கவே ஆரம்பிக்கும். பிறகு யோசித்தார். தளத்தில் பதித்த சின்னத் தண்டவாளத்தில் நகர்ந்து, துளையில் முள் விழுந்து நிற்கிற கப்பியா, உட்கார்ந்த இடத்திலிருந்தே சின்னக் கயிற்றால் இழுத்துக்கொள்கிற கப்பியா, உருளையே இல்லாத வழவழப்பான வளையமா, தண்டவாளம் என்றால் ஒரு முழமா இரண்டு முழமா, அதில் துளைக்குத் துளை எத்தனை விரற்கடை என்று இரண்டு கோடைகள் போயின. வீட்டில் தண்ணீர்க் கூஜா பாய்மரமாகவும், உப்புக் குப்பி கப்பியாகவும், மனைவியின் தையல்நூல் கயிறாகவும் உத்தியோகம் பார்த்தன. சாப்பிடும்போது உப்பு கேட்டவர்களுக்கு, "இரு, கோணம் கலைஞ்சிடும்" என்று பதில் கிடைத்தது.

சாமான் கடைக்காரர் பொறுத்துப் பார்த்து ஒருநாள், "சார், எதை எடுத்தாலும் ஓடும்" என்றார். போச்சு. அன்றோடு அந்தக் கடைக்காரர்மேல் இருந்த மதிப்பு போயிற்று. "எதை எடுத்தாலும் ஓடும்னு சொல்றவருக்கு விஷயமே தெரியலைன்னு அர்த்தம்" என்று என் காதோடு சொன்னார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம்தான், அவர் மனைவி மட்டும் இல்லாவிட்டால். எதிரே தெரிகிற தீவில் அந்த அம்மாளின் அக்கா இருந்தார். படகு வாங்கிய அன்று இவர், "இனிமே லாஞ்சுல போற வேலையே இல்ல, நம்ம படகுலதான்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். லாஞ்சில் போனால் மனுஷன் முகம் வாடிவிடுமே என்று அந்த அம்மாளும் இரண்டு வருஷமாகப் போகவில்லை. இப்போது அக்கா வீட்டுக்காரருக்கு எங்கோ கண்காணாத ஊருக்கு மாற்றல். திங்கட்கிழமை காலையில் பயணம். செய்தி வந்ததே வெள்ளிக்கிழமை ராத்திரி. சனி ஞாயிறில் லாஞ்சு கிடையாது.

"ஏங்க, ஏதோ ஒரு கப்பியைக் கட்டிட்டுப் போயிடலாமே?"

"கட்டலாம்மா. ஆனா கோணம்?"

"அக்கா திங்கட்கிழமை போறாங்க."

"அதான் சொல்றேன். அவசரத்துல துளை போட்டுட்டா, அப்புறம் தளத்துல தண்ணி இறங்கும்."

"படகுக்குத் தண்ணியைக் காட்டுங்கன்னா, எனக்குல்ல தண்ணி காட்டுறீங்க!"

உறைத்திருக்க வேண்டும். சனிக்கிழமையே படகைத் தண்ணீரில் இறக்கிவிட்டார். ஞாயிறு காலை அந்த அம்மாள் பையோடு வந்து நின்றபோது, நம்மவர் தளத்தில் ரசமட்டத்தை வைத்துக்கொண்டு குந்தியிருந்தார். தண்டவாளம் மட்டமாக உட்கார வேண்டுமாம். ரசமட்டக் கண்ணாடிக்குள் குமிழி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டிருந்தது. கடலில் மிதக்கிற ஒன்றின்மேல் ரசமட்டம் வைத்துவிட்டு, குமிழி நிற்கட்டும் என்று காத்திருக்கிற மனிதரை நீங்கள் பார்த்ததுண்டா? நான் பார்த்தேன். ஒரு மணி நேரம் பார்த்தேன்.

"அலை கொஞ்சம் ஓயட்டும்" என்றார்.

பக்கத்துப் படகு ஒரு பல் டாக்டரம்மாவுடையது. அதில் கப்பியும் இல்லை, தண்டவாளமும் இல்லை. ஒரு இரும்பு வளையத்தைப் பழங்கயிற்றால் கட்டிவைத்திருப்பார். அவர் எட்டிப் பார்த்து, "நான் அந்தப் பக்கம்தான் போறேன். வர்றீங்களா?" என்று கேட்டார். மனைவி கணவரைப் பார்த்தார். கணவர் குமிழியைப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த அம்மாள் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த படகில் ஏறி உட்கார்ந்தார்.

டாக்டரம்மா பாயை விரித்த பிறகுதான் நம்மவர் தலை நிமிர்ந்தார். திடுக்கிட்டு எழுந்தார். கையை நீட்டினார். மனைவியைக் கூப்பிடப் போகிறார், பரவாயில்லை, மனுஷன்தான் என்று நான் நினைத்தேன்.

"டாக்டரம்மா! வளையத்தை நாலு விரல் முன்னால கட்டுங்க!"

சொல்லவே வயிறெரிகிறது, அவர் சொன்னது சரி. டாக்டரம்மா முடிச்சை இளக்கி முன்னால் கட்டியதும் பாயின் படபடப்பு சட்டென்று அடங்கியது. படகு முன்னைவிட வேகமாக அவர் மனைவியைக் கொண்டுபோயிற்று.

மாலையில் அந்த அம்மாள் திரும்பி வந்து இறங்கினார். "படபடப்பு நின்னுதா?" என்று ஓடிவந்து கேட்டார் நம்மவர்.

"நின்னுது."

"பாத்தியா!"

"அக்கா உங்களைக் கேட்டாங்க. அளந்துக்கிட்டிருக்காருன்னேன். இன்னுமான்னு சிரிச்சாங்க. அப்புறம் ரெண்டு பேரும் அழுதோம்."

நீங்களும் சிரித்தீர்கள், நான் பார்த்தேன். "எனக்கு ஏது படகு?" என்கிறீர்கள். படகுதான் வேண்டுமா? நடக்கப் போவதற்குச் செருப்பு தேடி மூன்று மாதமாக நடக்காமலிருப்பது யார்? அலமாரிக்கு மரம் அமையவில்லை என்று புத்தகங்களைப் பெட்டியிலேயே பூட்டிவைத்திருப்பது யார்? போகட்டும். உங்களை நம்பி, நீங்கள் கிளம்பினால் கிளம்பலாம் என்று உட்கார்ந்திருக்கிற ஒருவர் அடுத்த அறையில் இருப்பார். கூப்பிட்டுப் பாருங்கள். பதில் வந்தால், நீங்கள் அதிர்ஷ்டக்காரர்.