வடக்கு பாயும் சென்னை டவரும்

பிடிவாதத்தை அலுமினியக் குழாயில் செய்து மொட்டை மாடியில் நட்டு வைத்த மனிதர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். அவர் புதுச்சேரியில் எங்கள் சாரம் பகுதி வடக்கு பாய்.

பெற்றவர்கள் வைத்த நல்ல பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. எங்கள் தெருவில் அது தபால்காரருக்கு மட்டும் தெரியும். காந்தி வீதிப் பக்கம் படங்களுக்குக் கண்ணாடி பிரேம் போடும் கடை வைத்திருந்தார். தொழுகை நேரத்தில் மேற்கே பார்ப்பார்; மற்ற நேரமெல்லாம் வடக்கே பார்த்துக்கொண்டிருப்பார். வடக்கே நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி சென்னை டிவி டவர் இருக்கிறது. அதனால் வந்த பெயர் அது.

வீட்டுக்கு வீடு கேபிள், கைக்குக் கை போன் என்று ஆகிவிட்ட காலத்தில் ஆன்டெனாவா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நாங்களும் கேட்டோம். எங்கள் ஊரில் இருந்த பழைய டவர் எப்போதோ வேலையை நிறுத்திவிட்டது. சென்னை டவர் மட்டும் இப்போது டிஜிட்டலாக அனுப்புகிறது. ஒரு ஆன்டெனாவும் ஒரு சின்னப் பெட்டியும் இருந்தால் காற்றிலிருந்தே படத்தைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் அது சென்னைக்காரர்களுக்குத்தான். புதுச்சேரி வரை வராது. இதை பாயிடம் பலர் எடுத்துச் சொன்னார்கள். சொன்னவர்களோடு பேசுவதை அவர் நிறுத்திவிட்டார்.

முதலில் டிவி வந்தது. ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிய புது டிவியை பாய் வாசல் வழியாக எடுத்துப் போகவில்லை. போர்வையில் சுற்றி, கயிறு கட்டி, மாடியில் நின்றுகொண்டு வெளிச்சுவரோடு இழுத்தார். எதிர்வீட்டில் ஒரு சொல்தா இருக்கிறார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர். அவர் கீழே நின்று, "தூஸ்மான், பாய், தூஸ்மான்! மெதுவா இழு!" என்று இரண்டு மொழியிலும் உத்தரவு போட்டார். நான் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"ஏன் பாய், படி வழியா தூக்கிட்டுப் போனா என்னா?"

"அது படி ஏறக் கூடாது சார்."

"எது, டிவியா?"

"ஆமா. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மேல வுழுந்துடும்."

அன்று பொழுது சாய்வதற்குள், பாய்க்குப் பித்தம் தலைக்கேறிவிட்டது என்று தெரு ஒருமனதாகத் தீர்மானித்துவிட்டது. அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

பழைய காலத்து ஆன்டெனாவுக்குத் தாராள மனசு. சிக்னல் குறைந்தாலும் படம் புள்ளி புள்ளியாகவாவது வரும். முகம் தெரியாவிட்டாலும் ஆள் இருப்பது தெரியும். டிஜிட்டல் அப்படி இல்லை. வந்தால் பளிச்சென்று வரும். இல்லாவிட்டால் கறுப்புத் திரையில் 'சிக்னல் இல்லை' என்று ஒரு வரி. வருஷத்தில் பத்து மாதம் பாய் பார்த்த நிகழ்ச்சி அந்த ஒரு வரிதான். சித்திரை, வைகாசியில் காற்று அசையாமல் கடல்மேல் புழுக்கம் கனத்துக் கிடக்கும் சில சாயங்காலங்களில் மட்டும், சென்னை அலை கடலோரமாகவே வழுக்கிக்கொண்டு எங்கள் ஊர் வரை வந்துவிடும். குருசுக்குப்பத்திலிருந்து தவளக்குப்பம் வரை ஊரே வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெயிலைத் திட்டும்போது, "அல்ஹம்துலில்லாஹ், நல்ல புழுக்கம்" என்று சொன்ன ஒரே ஜீவன் அவர்.

ஒருநாள் சொல்தா தன் மாடியில் துணி காயப்போட்டிருந்தார். பாய் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, பிரெஞ்சு மரியாதை குறையாமல் கத்தினார்.

"முசியே, ஒங்க லுங்கி சென்னைய மறைக்குது!"

"என் லுங்கி என் வூட்டு மாடியிலதானே தொங்குது! ஒன் சென்னைய நவுத்தி வச்சுக்கோ!"

இரண்டு பேருக்கும் ஒரு மாதம் பேச்சில்லை. ஆனால் மறுநாளிலிருந்து சொல்தா தன் கொடியைத் தெற்குப் பக்கம் மாற்றிக் கட்டியிருந்தார். அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

இன்னொரு விநோதம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் பாய் மாடியில் நின்று கைகளை ஆட்டுவார். இரண்டு விரலைச் சேர்ப்பார், நெஞ்சைத் தொடுவார், உள்ளங்கையைத் திருப்பி வானத்துக்குக் காட்டுவார். சிக்னலைக் கை காட்டிக் கூப்பிடுகிறார் என்றார் சொல்தா. அந்த விளக்கம் எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

அப்படியொரு சித்திரை ஞாயிற்றுக்கிழமைதான் பாய் என்னை மேலே கூப்பிட்டார். "சார், கொஞ்சம் வந்து பைப்பப் புடிங்க. ஒரு நூலு கெழக்கால திருப்பணும்."

போய்ப் பிடித்தேன். பக்கத்தில் தகரக் கூரைக்கடியில் இருந்த டிவியின் திரையில் சிக்னலைக் காட்டும் கோடு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறி நின்றது. படம் வந்தது. சென்னைச் செய்தி. சத்தத்தை பாய் அடியோடு குறைத்து வைத்திருந்தார். செய்தி வாசிக்கிறவரை அவர் பார்க்கவே இல்லை. திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள், காது கேளாதவர்களுக்காக ஒரு பெண் கைகளால் செய்தி சொல்லிக்கொண்டிருந்தாள். பாய் முக்காலியை இழுத்துப் போட்டு அந்தக் கட்டத்துக்கு ஒரு சாண் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருடைய விரல்களும் மடியில் அசைந்தன.

"பாய், ஒங்க பொண்ணு நசீமா இல்ல இது?"

"யாரு?" என்றார், திரும்பாமல்.

படம் உறைந்துவிட்டது. நசீமாவின் கைகள் பாதிச் சொல்லில் அப்படியே நின்றன. பாய் அசையாமல் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குழாயை அசைய விடாமல் பிடித்துக்கொண்டேன்.

நசீமா பாயின் ஒரே மகள். சின்ன வயதில் என் வீட்டுக்கு வந்து வாரப் பத்திரிகைகளை நான் படிப்பதற்கு முன்பே படித்து முடித்துவிடுகிற பெண். சென்னையில் காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் வேலைக்குப் போனாள். அங்கே ஆசிரியராக இருந்த, காது கேளாத ஒரு பையனையே கட்டிக்கொள்வேன் என்று வந்து நின்றாள். "கூப்புட்டா திரும்பிப் பாக்காதவனுக்கு எம் பொண்ண எப்புடிக் குடுப்பேன்?" என்று பாய் ஒரே பிடியாக நின்றார். அவள் போய் அவனைக் கட்டிக்கொண்டாள். அன்று பாய் வாசலில் நின்று, தெருவே கேட்க, "இனிமே அவளும் அவ மூஞ்சியும் அவ பேச்சும் இந்தப் படி ஏறக் கூடாது" என்று சொன்னார். தெருவிலிருந்து அவர் வீட்டுக்குள் போக மூன்று படிகள். நானும் அன்று கூட்டத்தில் இருந்தேன்.

கொஞ்ச நாள் கழித்து அவள் முகம் கேபிளில் வந்தது. பாயம்மா, அதாவது அவர் மனைவி, "இந்தாங்க, நம்ம புள்ள!" என்று அலறியிருக்கிறார். பாய் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு எழுந்து கேபிளைப் பிடுங்கி எறிந்துவிட்டார். ஏன் என்பதை மாடியில் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்த என்னிடம் அவர் விளக்கினார்.

"கேபிள் வாசப்படி மேலாகத்தான உள்ள வருது சார்? அதுல அவ மூஞ்சி வந்தா, படி ஏறுன மாதிரிதானே?"

"போன்ல பாக்கலாமே பாய்?"

"போனு என் பாக்கெட்டுல இருக்கு. நான் படி ஏறித்தானே வூட்டுக்குப் போறேன்?"

"அப்ப இது?"

அவர் ஆன்டெனாவை அண்ணாந்து பார்த்தார். "இது மேலேர்ந்து வருது. படிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. டிவியக்கூட கயித்துல ஏத்துனேன், நீங்களே பாத்தீங்க."

சிரிப்பு வந்தது எனக்கு. சொன்ன சொல்லையும் விடாமல் பெற்ற பெண்ணையும் விடாமல், நூற்றைம்பது கிலோமீட்டருக்குக் கயிற்றில் நடக்கிற மனிதரைப் பார்த்தால் சிரிக்காமல் என்ன செய்வது? படியிறங்கி வீட்டுக்கு வந்த பிறகுதான் தாங்க முடியாமல் போயிற்று.

அடுத்த சித்திரையில் புழுக்கம் அருமையாக அமைந்தது. படம் ஒரு தடவைகூட உறையவில்லை. ஆனால் மூலைக் கட்டத்தில் வேறொரு பெண் இருந்தாள். அடுத்த ஞாயிறும் அவளே. மூன்றாவது ஞாயிறு பாய் டிவியைப் போடவே இல்லை. மாடியில் சும்மா உட்கார்ந்திருந்தார். பாயம்மா மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். மகளோடு ரகசியமாகப் போனில் பேசிக்கொண்டிருந்தவர் அவர். ஆனால் அந்தப் பேச்சு வீட்டுக்குள் வரக் கூடாதே! மாடியில்தான் சொல்ல முடியும்.

"அவ லீவுல இருக்கா. புள்ள பொறந்திருக்கு. பொம்பளப் புள்ள" என்றார்.

புதன்கிழமை காலை கொத்தனார் வந்தார். மூன்று படிகளையும் உடைத்துக் கொட்டினார்கள். அந்த இடத்தில் சிமெண்டைக் குழைத்து, தெருவிலிருந்து வாசல் வரை ஒரு சரிவு போட்டார்கள்.

"என்னா பாய் இது?" என்று சொல்தா கேட்டார்.

"ஸ்கூட்டர உள்ள ஏத்தணும் முசியே."

"ஒன்கிட்ட ஸ்கூட்டரே இல்லியே!"

"வாங்குவேன்."

தெரு சிரித்தது. அன்று மாலை பாய் என் வீட்டுக்கு வந்தார். வழக்கமாக உட்காராதவர் உட்கார்ந்தார்.

"சார், நசீமாவுக்கு ஒரு போன் போடுங்க. வா, கீன்னு ஒண்ணும் சொல்லாதீங்க. 'இப்ப படி இல்ல'ன்னு மட்டும் சொல்லுங்க. அவளுக்குப் புரியும்."

"பாயம்மாவே சொல்லலாமே?"

"அவ அம்மாவ நம்ப மாட்டா. அத்தா மனசு மாறிட்டாரு, வான்னு இவ பத்து தடவ பொய் சொல்லியிருக்கா. நீங்க பத்திரிகைல எழுதுறவரு, ஒங்க பேச்ச நம்புவா."

என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இப்படிச் சொன்னதில்லை. சரி என்றேன். வியாழனன்று எனக்குக் கட்டுரை அனுப்ப வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை எண்ணை எடுத்து வைத்தேன். அத்தனை வருஷத்துக்குப் பிறகு என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று கூச்சமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லை, அன்று நிதானமாகப் பேசலாம் என்று வைத்துக்கொண்டேன். பாய் தினமும் என் வாசலைக் கடக்கும்போது மெதுவாக நடந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கிற ஆள் இல்லை அவர்.

சனிக்கிழமை மத்தியானம், கடையில் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

நசீமா பொழுது சாய்வதற்கு முன் வந்துவிட்டாள். கார் தெருமுனையில் நின்றது. தோளில் குழந்தை, பக்கத்தில் கணவன். நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். அவள் வாசலுக்கு எதிரே வந்து நின்றுவிட்டாள். தலையைக் குனிந்து தரையையே பார்த்தாள்.

"படி எங்க சார்?"

"அத்தா எடுத்துட்டாரும்மா."

"எப்போ?"

"புதன்கிழமை."

"எனக்கு யாரும் சொல்லலியே..."

"என்னத்தான் சொல்லச் சொன்னாரு" என்றேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. கணவன் பக்கம் திரும்பிக் கையால் இரண்டே அசைவில் ஏதோ சொன்னாள். அவன் குனிந்து அந்தச் சரிவை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்தான். அங்கே சிமெண்டு பூசின வழவழப்பு இன்னும் புதிதாக இருந்தது. பிறகு மூன்று பேரும் உள்ளே போனார்கள். உள்ளேயிருந்து பாயம்மாவின் அழுகை பெரிதாக எழுந்தது. சொல்தா தொப்பியைக் கழற்றிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்.

வாரா வாரம் இந்தப் பக்கத்தில் ஆயிரம் வார்த்தை எழுதுகிறேன், பாய். நீங்கள் சொல்லச் சொன்னது மூன்றே வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால், உங்கள் பேத்தியை நீங்களே கையில் வாங்கிக்கொண்டு அந்தச் சரிவில் ஏறியிருப்பீர்கள், நானும் எதிரே நின்று, "ஸ்கூட்டர் எங்க பாய்?" என்று உங்களைக் கேலி செய்திருப்பேன்.