கிரீஸ் நைனாவும் கண்ணாடி வயரும்

கடவுள் இந்த உலகத்தைப் படைத்து முடித்த அவசரத்தில் கிரீஸ் போட மறந்துவிட்டார் என்பது எங்கள் கிரீஸ் நைனாவின் உறுதியான கருத்து. விட்டுப்போன அந்த வேலையை ராயபுரத்திலிருந்து ஆரம்பித்துத் தானே முடித்துவிடுவது என்று அவர் கிளம்பியிருந்தார். நான் அந்தத் தெருவில் குடியிருந்த காலத்தில் ஏறக்குறைய பாதி முடித்திருந்தார்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். தபால்காரரே 'கிரீஸ் நைனா வூடு' என்று கேட்டுக்கொண்டுதான் வருவார். மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் மெக்கானிக். மற்றவர்கள் லுங்கி மடிப்பில் பீடிக்கட்டு வைத்திருப்பார்கள். இவர் ஒரு சின்ன கிரீஸ் டப்பா வைத்திருப்பார். வாய் நம்மோடு பேசிக்கொண்டிருக்கும்போதே விரல் தன்பாட்டுக்கு டப்பாவுக்குள் போகும். பக்கத்தில் எது இருக்கிறதோ அதற்கு ஒரு தடவல் கிடைக்கும். கேட் கீல், தண்ணீர்க் குழாய், ஜன்னல் கொக்கி, என் சைக்கிள் பெல், யாருமே கடிதம் போடாத என் தபால் பெட்டி.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த தெரு அது. உப்புக் காற்றில் எவர்சில்வரே துருப்பிடிக்கும். புதிதாக அடித்த ஆணி அடுத்த மழைக்குள் காணாமல் போகும். ஆனாலும் எதற்கும் ஒரு அளவு வேண்டாமா? மாடிப்படிக் கைப்பிடிக்கு அவர் கிரீஸ் போட்ட வாரம், நாங்கள் எல்லோரும் கோயிலுக்குப் போகிறவர்கள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு ஏறி இறங்கினோம். துணி காயப்போடும் கம்பிக்குப் போட்டபோது என் வெள்ளைச் சட்டையில் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு விழுந்துவிட்டது. வேறு சட்டை இல்லாததால் அதையே மாட்டிக்கொண்டு போனேன். ஆபீசில் இரண்டு பேர் எந்தக் கடையில் எடுத்தது என்று கேட்டார்கள்.

"கம்பிக்கு எதுக்கு நைனா கிரீஸு?" என்று போய்க் கேட்டேன்.

"துரு புடிச்சா உன் சட்டையில கறை ஆவும் சாரு" என்றார். இதற்கு மேல் ஒரு மனிதரிடம் என்ன பேசுவது?

நைனாவுக்கு ஒரே மகள், கஸ்தூரி. மருமகன் சரக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி நாள் ஏதாவது ஒரு சமுத்திரத்தில் இருப்பார். நைனாவின் மனைவி காலமாகிவிட்டதால், மகளும் தவழ ஆரம்பித்த பேத்தியும் நைனாவும் எங்கள் கட்டடத்தின் கீழ் வீட்டில் இருந்தார்கள். மாடியில் நானும் என் மனைவியும். அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் காதில் கேட்டு டைப் அடிக்கும் வேலை கஸ்தூரிக்கு. ஆபீஸ் நகரத்தின் இன்னொரு கோடியில். ரயில் ஏறி, பஸ் மாறி, போய்ச் சேருவதற்குள் அங்கே மதியச் சாப்பாட்டு மணி அடித்துவிடும். குழந்தை பிறந்தபின் அவளால் போக முடியவில்லை. குழந்தையைத் தாத்தாவிடம் விட்டுவிட்டுப் போகலாமே என்பீர்கள். சாயந்திரம் அவள் திரும்பி வருவதற்குள் குழந்தையின் முழங்கால் இரண்டுக்கும் கிரீஸ் போட்டு வைத்திருப்பார் என்று தெருவே பயந்தது.

கம்பெனிக்காரர்கள் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார்கள். வீட்டில் நல்ல இன்டர்நெட் இருந்தால் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம். ஆனால் இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சோதனை. மதியம் வரை ஒலிப்பதிவுகள் வந்துகொண்டே இருக்கும், டைப் அடித்து அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் லைன் போனால் வீட்டு வேலை கிடையாது. ஆபீசுக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் வேலையை விட வேண்டும்.

அப்போது அவர்கள் வீட்டில் போன் லைனிலேயே வரும் பிராட்பேண்ட் இருந்தது. தூறல் போட்டால் படுத்துவிடும். செம்புக் கம்பியின் இணைப்பில் பச்சைப் பாசி மாதிரி பிடித்திருந்ததை நைனாதான் கண்டுபிடித்தார். சுரண்டி எடுத்துவிட்டு கிரீஸ் தடவினார். ஆச்சரியம், லைன் ஒரு மாதம் ஒழுங்காக ஓடியது. அந்த ஒரு மாதம் நைனாவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

"இன்டர்நெட்டு, இன்டர்நெட்டுன்னு இன்னாவோ பெர்சா சொல்லிகினு இருந்தீங்களே. அதுவும் இன்ஜின் மாதிரிதான் சாரு" என்று போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் சொன்னார்.

அடுத்த மழைக்கு லைன் மறுபடி படுத்தது. சோதனைக்கு ஒரு வாரம்கூட இல்லை. கஸ்தூரி எங்கள் தெரு கேபிள் டிவி தாஸைக் கூப்பிட்டாள். தாஸ் அப்போதுதான் புதிதாகக் கண்ணாடி இழை வயர் இழுத்து வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கத் தொடங்கியிருந்தார்.

"இதுல செம்பே கெடையாது நைனா. முடி மாதிரி கண்ணாடி. உள்ள வெளிச்சம்தான் ஓடுது. மழை பேஞ்சாலும் உப்புக் காத்து அடிச்சாலும் துருவே புடிக்காது" என்று தாஸ் பெருமையாகச் சொன்னார்.

துருவே பிடிக்காது என்ற வார்த்தையைக் கேட்டதும் நைனாவின் முகம் செத்துப்போனது. வேண்டாத சம்பந்தம் பேச வந்தவரைப் பார்ப்பதுபோல தாஸைப் பார்த்தார். "துரு புடிக்காத பொருள் இன்னா பொருள்?" என்றார். ஆனால் மகளுக்கு வேலை வேண்டும். சரி என்று தலையாட்டினார்.

தாஸ் வயர் இழுத்துக் கொடுப்பார், சுவரில் ஒரு சின்னப் பெட்டி மாட்டுவார், அவ்வளவுதான். வயர் இல்லாமல் வீட்டுக்குள் எங்கே வேண்டுமானாலும் இன்டர்நெட் வர வேண்டுமென்றால் ரவுட்டர் நாம்தான் வாங்க வேண்டும். சனிக்கிழமை நைனாவை, கம்ப்யூட்டர் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் ரிச்சி தெருவுக்கு அழைத்துப் போகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. துறைமுகத்தில் சரக்குகளுக்கு கஸ்டம்ஸ் வேலை பார்க்கும் ஆபீசில் நான் கிளார்க். என் மேஜைமேல் ஒரு கம்ப்யூட்டர் இருந்த ஒரே காரணத்துக்காகத் தெருவில் என்னை நிபுணர் என்று முடிவு கட்டியிருந்தார்கள்.

கடைக்காரர் நாலு ரவுட்டரை எடுத்து வைத்தார். நைனா ஒவ்வொன்றையும் கையில் தூக்கிப் பார்த்தார். குலுக்கிப் பார்த்தார். காதில் வைத்துக் கேட்டார்.

"உப்புக் காத்துக்குத் தாங்குமா?"

"இது வீட்டுக்குள்ள வைக்கிற சாமான் சார்."

"எங்க வூட்டுக்குள்ளயும் கடலுதான் வாத்யாரே. இதுல சுத்தறது எது?"

"எதுவும் சுத்தாது."

"அப்ப தேயறது?"

"எதுவும் தேயாது சார்."

"அப்ப கிரீஸு எங்க வெக்கிறது?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் எதிர்க்கடையில் தொங்கிய விளம்பரத்தை ரொம்ப ஆர்வமாகப் படித்தேன். வேகம் எவ்வளவு, எத்தனை கம்ப்யூட்டர் இணைக்கலாம், எத்தனை வருஷம் உத்தரவாதம் என்று அந்தக் கடைக்காரர் பாவம், மூச்சுவிடாமல் சொன்னார். நைனா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கடைசியாக, இரண்டு ஆன்டெனா வைத்த ஒரு ரவுட்டரை எடுத்தார். ஆன்டெனாவை மடக்கினார், நிமிர்த்தினார், மறுபடி மடக்கினார். முகத்தில் வெளிச்சம் வந்தது.

"இங்க ஒரு கீலு கீது சாரு. இத்தயே வாங்கிக்கலாம்."

ரவுட்டர் எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பிற்பாடு எத்தனையோ பேர் எனக்குப் பாடம் எடுத்திருக்கிறார்கள். கீல் பார்த்து வாங்கியவர் அவர் ஒருவர்தான்.

அன்றைக்கே தாஸ் எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்தார். புதுப் படகைக் கடலில் இறக்குவதுபோல நைனா ரவுட்டருக்குக் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டினார். இன்டர்நெட் பிய்த்துக்கொண்டு ஓடியது. கஸ்தூரி குழந்தையை இடுப்பில் வைத்தபடி கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிரித்தாள். நான் மாடிக்குப் போய்விட்டேன்.

சாயந்திரம் அவள் மேலே வந்தாள். "அண்ணா, சுத்தமா சிக்னலே வரல. ரவுட்டரையும் காணல."

போய்த் தேடினோம். நைனாவின் இரும்பு பீரோவுக்குள், கஸ்தூரியின் கல்யாணப் பட்டுப்புடவைக்கும் வீட்டுப் பத்திரத்துக்கும் நடுவில் ரவுட்டர் பத்திரமாகக் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. வயர் போவதற்காகக் கதவில் ஒரு ஓட்டைகூடப் போட்டிருந்தார். "வெல ஒசந்த பொருள வெளிய வெப்பாங்களா?" என்றார். இரும்புக்குள் வைத்தால் சிக்னல் வெளியே வராது என்று அவரை நம்பவைப்பதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ரவுட்டர் வெளியேதான் இருந்தது. ஆனால் படகில் திசை காட்டும் கருவியைக் கட்டுவதுபோல மூன்று பிளாஸ்டிக் கவர் போட்டு, சைக்கிள் டியூப் அறுத்து இறுக்கிக் கட்டியிருந்தார். மத்தியானம் அது தோசைக்கல் மாதிரி கொதித்து நின்றுபோனது. கஸ்தூரி அழாக்குறையாக கவரைப் பிரித்தாள். "நைனா, நாளைக்கு ஒரு நாள் மட்டும் அத்த எதுவும் பண்ணாத. உன் கால்ல வேணா உயுறேன்" என்றாள்.

"நான் இன்னா பண்ணப்போறேன் கண்ணு" என்றார் நைனா. மனதாரத்தான் சொன்னார். ஆனால் அந்த விரல் அவர் பேச்சைக் கேட்காது என்பது எங்களுக்கு நினைவில்லாமல் போய்விட்டது.

திங்கட்கிழமை காலை நான் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கஸ்தூரி படியேறி ஓடிவந்தாள். "அண்ணா, சுவத்துப் பெட்டில செவப்பு லைட்டு எரியுது. எதுவும் வேல செய்யல." அவளுக்கு மூச்சு வாங்கியது. பத்து மணிக்கு அரைமணி நேரம்கூட இல்லை. நல்லவேளை, தாஸ் தெருமுனையில்தான் கம்பத்தில் ஏறியிருந்தார், கூப்பிட்டதும் வந்துவிட்டார். பெட்டியில் செருகியிருந்த வயரின் பச்சை முனையை உருவினார். உற்றுப் பார்த்தார். விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனார். ராயபுரத்தில் அந்த வாசனை தெரியாத ஆள் கிடையாது.

"நைனா, இத்த இன்னா பண்ண?"

மூலையில் நின்றிருந்த நைனா கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். "இன்னிக்கு முக்கியமான நாளாச்சேன்னு கொஞ்சூண்டு வெச்சேன். மேலாக்க."

"இதுக்குள்ள வெளிச்சம் போவுது நைனா. கண்ணு மாதிரி இது. உன் கண்ணுல கிரீஸ் அப்புனா உனுக்கு எதுனா தெர்யுமா?"

"செம்புக்கு வெச்சேனே. அப்ப நல்லா ஓடிச்சே."

கஸ்தூரி திட்டியிருந்தால்கூட அவருக்குப் பரவாயில்லை என்று இருந்திருக்கும். அவள் குழந்தையை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்து, லைன் இல்லாத கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நைனா அவள் முதுகையே பார்த்தார்.

துடைக்க ஸ்பிரிட் வேண்டும் என்றார் தாஸ். அவர் பையிலிருந்த பாட்டில் காலி. தெருமுனை கிளினிக்கில் இருக்கும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் நைனா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். அறுபதை நெருங்கிய ஆள், கனத்த உடம்பு. அவர் ஓடி அதுவரை யாரும் பார்த்ததில்லை. மார்க்கெட்டுக்குப் போன பெண்கள் கூடையோடு நின்று வேடிக்கை பார்த்தார்களாம். திரும்பி வந்தபோது ஒரு கையில் ஸ்பிரிட் பாட்டில், மறுகையில் பஞ்சு. பாட்டில் முழுக்கக் கறுப்பு விரல் ரேகை. பஞ்சு சாம்பல் நிறத்தில் இருந்தது.

"அங்கியே வெச்சிட்டு நவுந்துக்க நைனா" என்றார் தாஸ்.

அவர் வாசலிலேயே வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார். நான் பாட்டிலைத் துடைத்து, வேறு பஞ்சு கொண்டுவந்து கொடுத்தேன். தாஸ் முனையைத் துடைத்துச் செருகினார். சிவப்பு. மறுபடி துடைத்தார். அப்போதும் சிவப்பு. பெட்டிக்குள் இருந்த துளையையும் குச்சியில் பஞ்சு சுற்றித் துடைத்தார். கஸ்தூரியின் உதடு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. இந்தத் தடவை லைட் பச்சைக்கு வந்தது. கடிகாரம் பத்தைத் தொட இருந்தது. கம்பெனியிலிருந்து முதல் ஒலிப்பதிவு வந்தது; அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அடிக்க ஆரம்பித்தாள்.

வெளியே வந்தால் நைனா தெருக்குழாயடியில் நின்று, துணி சோப்பும் மணலுமாகக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தோல் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கிரீஸ் டப்பாவை நீட்டினார். "இத்த எட்துனு போயி உன் வூட்ல வெய்யி சாரு. நான் கேட்டாலும் குடுக்காத." பிறகு வாசல்படியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் அக்குளுக்குள் இறுக்கி வைத்துக்கொண்டார்.

"உள்ள வந்து உட்காருங்க நைனா. அதான் சரியாயிடுச்சே."

"வாணாம் சாரு. கை சொம்மா இருக்காது."

வெயில் ஏறி அவர் தலைமேலேயே அடித்தது. அவர் நகரவில்லை. உள்ளேயிருந்து டைப் அடிக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் மூச்சு விட்டார். சத்தம் நின்றால் என் முகத்தைப் பார்த்தார். ஈ ஒன்று மூக்கில் உட்கார்ந்தபோது தலையைத்தான் ஆட்டினாரே தவிர கையை எடுக்கவில்லை. நான் ஆபீசுக்கு போன் செய்து, காய்ச்சல் என்று சொன்னேன்.

மதியம் கஸ்தூரி வெளியே வந்தாள். கையில் டீ டம்ளர். "முடிஞ்சிது நைனா. லைன் ஷோக்கா கீதாம். வூட்லருந்தே வேல பாக்க சொல்ட்டாங்க" என்று டம்ளரை நீட்டினாள்.

"மெய்யாலுமா? லைட்டு பச்சதானே கீது?"

"பச்சதான். டீயப் புடி."

நைனா கையை எடுக்கவில்லை. "நீ உள்ள போம்மா. நான் அப்பறமா குடிக்கறேன்" என்றார்.

கஸ்தூரி அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, டீயை ஊதி ஆற்றி, டம்ளரை அவர் வாயருகே கொண்டுபோனாள். கையைக் கட்டியபடியே கழுத்தை நீட்டி அவர் குடித்தார். மீசையில் ஒட்டியதை அவள் முந்தானையால் துடைத்தாள். அந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.