ஒரு எண்ணுக்கு ஒரு ஓட்டு

வீட்டில் அவளைத் தவிர ஐந்து பேர். விழுந்திருந்ததோ பதினேழு ஓட்டு.

"கள்ள ஓட்டா?" என்று அண்ணி எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

சின்னவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருந்தது. மாலை ஐந்து மணிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அம்மா, "நீ போம்மா, இங்க நான் பார்த்துக்கறேன்" என்று பெட்டியைக்கூடத் துடைத்து வைத்துவிட்டாள். அப்பாவோ வேண்டாம் என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொண்டு, ஒரு வாரமாக முகம் கொடுத்துப் பேசவில்லை. எதிரே உட்கார்ந்து பேசத் தைரியம் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? தானாகக் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் சாட் பாட் புரோகிராம் எழுதுவார்கள். அவளுக்குப் பிழைப்பே அதுதான். குடும்ப குரூப்பில் ஒன்றைச் சேர்த்தாள். இரண்டே பட்டன்: 'போகட்டும்', 'வேண்டாம்'. பாட் என்றதும், அது எப்போது பாடும் என்று அத்தை கேட்டாள்.

அமுக்கும்போதெல்லாம் ஒன்று கூடும்படி எழுதியிருந்தாள். வேலை செய்கிறதா என்று பார்க்க அண்ணன் 'போகட்டும்' பட்டனை ஒன்பது தடவை அமுக்கியிருந்தான். நல்ல மனசுதான், கணக்குதான் நாசம்.

புரோகிராமின் ஸ்கிரிப்டை நிறுத்தித் திருத்தி மறுபடி ஓடவிட்டாள். எண்ணிக்கை பூஜ்யத்தில் வந்து நின்றது. ஓட்டுகளை ஃபைலில் சேமிக்க மறந்திருந்தாள். நிறுத்தியதும் அத்தனையும் போயே போச்சு. ஊராருக்கு எழுதும்போது ஒரு நாளும் இந்தத் தப்பைச் செய்யாதவள்.

எல்லோரையும் மறுபடி ஓட்டுப் போடச் சொன்னாள். அண்ணி, முதலில் 'போகட்டும்' என்று போட்டது ஏதோ அவசரத்தில் என்றும், நிதானமாக யோசித்தால் இவள் பார்க்கும் வீட்டு வேலையெல்லாம் தன் தலையில்தான் விடியும் என்றும் சொல்லி 'வேண்டாம்' போட்டாள்.

மூன்றாவது திருத்தத்தில் ஸ்கிரிப்ட் உருப்பட்டது. ஒரு போன் எண்ணுக்கு ஒரு ஓட்டு. மாற்றிப் போட்டால் பழையது அழிந்து புதியது நிற்கும், ஃபைலிலும் பதியும்.

பத்து மணிக்கு மூன்றுக்கு ஒன்று என்று 'போகட்டும்' முன்னால் இருந்தது. பத்தேகாலுக்கு இரண்டுக்கு இரண்டு. பதினொன்றுக்குத் திரும்பவும் மூன்றுக்கு ஒன்று. அரை மணியில் அதுவும் போயிற்று. ஓட்டைப் புதுப்பிக்கும் வரியில் பிழை என்று நினைத்து, சாப்பிடக்கூட எழாமல் தலையைப் பிய்த்துக்கொண்டாள். கடைசியில் ஃபைலையே திறந்து பார்த்தாள். பிழை எதுவும் இல்லை. ஒரே ஒரு எண்தான் மாறி மாறி ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. அது அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பொதுவான போன். ஹாலில் அத்தையின் நாற்காலிக்குப் பக்கத்தில் எப்போதும் சார்ஜில் கிடப்பது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அம்மா போடப் போட அப்பா அழித்துக்கொண்டிருக்கிறார். கோபத்தில், போட்ட ஓட்டை இனி யாரும் மாற்ற முடியாதபடி பூட்டினாள். பூட்டிய நேரம், அந்த எண்ணில் 'வேண்டாம்' இருந்தது. இரண்டுக்கு இரண்டு என்று அப்படியே நின்றுவிட்டது.

நாலரை மணிக்கு அப்பாவின் எதிரே போய் நின்றாள். அவர் சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். பக்கத்து மேஜையில் அம்மா இவளுடைய ஆபீஸ் சட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓட்டை மாத்திட்டே இருந்தது நீங்கதானேப்பா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தேய்த்த காலரையே மறுபடி தேய்த்தாள்.

"ஆமா," என்றார் அப்பா. "நான்தான்."

"நான் போகத்தான்பா போறேன்."

"சரி."

அவ்வளவுதான். குழாய்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு வாரமாகப் பயந்தது இந்த ஒரு வார்த்தைக்கா என்றிருந்தது அவளுக்கு. அங்கே நின்றபடியே, வருகிறேன் என்று கம்பெனிக்குப் பதில் அனுப்பினாள். சந்தோஷம் வரவில்லை, அழுகைதான் வந்தது. ஹாலுக்கு வந்து அத்தையிடம் பொருமித் தீர்த்தாள். பெற்ற பெண் முன்னுக்கு வருவதைப் பொறுக்காத அப்பா உலகத்திலேயே இவர் ஒருவர்தான் என்றாள்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. காலையிலிருந்து அதே நாற்காலியில் பேப்பரில் வந்த எண் புதிரைப் போட்டுக்கொண்டிருந்தவள், பென்சிலைக் கீழே வைத்தாள்.

"அவன் ஏழு தடவை வந்து 'போகட்டும்'னுதான் அமுக்கினான். ஒவ்வொரு தடவையும் பின்னாலேயே வந்து மாத்தினது உங்கம்மா."